அப்பா என்றால் அபராதம்

என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் பெற்ற பிள்ளை ஆங்கிலத் தாய்மொழியாளன். இதை நான் சொல்லவில்லை. தென் கொரிய அரசு சொன்னது. முத்திரை குத்தி, விசா ஒட்டிச் சொன்னது.

விசாவின் பெயர் ஈ-2. மொழி கற்பிக்க வரும் வெளிநாட்டவருக்கு உரியது. ஆங்கிலம் என்றால் ஏழு நாட்டுக்காரருக்குத்தான் அந்தத் தகுதி: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்த ஏழில் ஒன்றின் கடவுச்சீட்டு வேண்டும். கையில் ஒரு பட்டம் வேண்டும். எந்தப் பட்டமானாலும் சரி. என்னுடையது நிலவியல். நான்கு வருடம் பாறைகளைப் பற்றிப் படித்தவனிடம் ஐந்து வயதுப் பிள்ளைகளை ஒப்படைக்கலாம் என்று ஓர் அரசாங்கம் முடிவு செய்திருந்தது. பாறையும் பேசாது, பயந்த பிள்ளையும் பேசாது, பையனுக்குப் பழக்கம் இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்து, சென்னையில் இருபது வருடம் இலக்கணம் கற்பித்த ஓர் ஆசிரியையை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தாய்மொழியாளர் அல்ல. இந்தியாவோடு செய்த பொருளாதார உடன்படிக்கை 2010-இல் நடைமுறைக்கு வந்தபோது அவருக்காகக் கதவை ஒரு விரற்கடை திறந்தார்கள். ஆசிரியர் சான்றிதழைக் காட்டினால் அரசுப் பாடசாலையில் துணை ஆசிரியராக வரலாம். சான்றிதழ் என்ற ஒன்றைக் கண்ணாலும் பார்த்திராத எனக்கோ நாடு முழுக்கக் கதவு திறந்திருந்தது. தாய்மொழி தாய் தருவதில்லை. கடவுச்சீட்டு அலுவலகம் தருகிறது.

வேலை கிடைத்த செய்தியைக் கனடாவின் ஸ்காபரோவில் இருந்த அம்மாவுக்குச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை.

“நீயோ? இங்கிலிஷ் படிப்பிக்கப் போறியோ? கனடா வந்த புதுசில ஆறு மாசம் வகுப்பில வாயே திறக்காம கடைசி வாங்கில இருந்தனீ. மறந்து போச்சோ?”

மறக்கவில்லை. பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து போய் இறங்கியவனுக்கு அந்த ஆறு மாதம் மறக்காது. அதை விண்ணப்பத்தில் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. புகைப்படம் மட்டும் கேட்டார்கள். பல பள்ளிகள் புகைப்படத்தைப் பார்த்தபின் பதில் எழுதவில்லை. அந்த நாட்டில் உச்சரிப்பு முகத்தில் இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

கடைசியில் ஒரு ஹக்வோன் எடுத்தது. ஹக்வோன் என்றால் தனிப்பயிற்சிக் கூடம். நம்மூர் டியூஷன் சென்டர் என்று எண்ணிவிடாதீர்கள். நம்மூர் டியூஷன் ஒரு கொட்டகை. இது ஒரு தொழில்துறை. தலைநகர் சோலுக்குத் தெற்கே புண்டாங் என்ற புதுநகரில், கீழே கோழி வறுவல் கடையும் மேலே பல் வைத்தியரும் இருந்த கட்டடத்தின் நடு மாடியில் எங்கள் ஆங்கிலச் சாம்ராஜ்ஜியம். மாதம் 21 லட்சம் வோன், இலவசமாக ஓர் ஒற்றையறை வீடு, வர விமானச் சீட்டு. 2012 டிசம்பரில் போய் இறங்கினேன்.

இறங்கியதும் இரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. சோதனை. 2007-இல் கொண்டுவந்த விதி. ஈ-2 ஆசிரியருக்குக் கட்டாயம். அதே வகுப்பில் அதே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் கொரிய ஆசிரியருக்குச் சோதனை இல்லை. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த கொரிய வம்சாவளி ஆசிரியருக்கும் இல்லை. கிருமிக்கே குலம் கோத்திரம் பார்க்கத் தெரிந்த நாடு. மறுபடியும் சோதிக்க வேண்டும் என்றபோது மறுத்து வேலையிழந்த நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் ஐ.நா. வரை போனார். இது இனப் பாகுபாடு என்று ஐ.நா. குழு 2015-இல் சொன்னது. விதியை எடுக்க 2017 ஆயிற்று. எங்கள் நாக்கு வேண்டும். நாக்கில் ஓடும் இரத்தம் மட்டும் சந்தேகத்துக்குரியது.

ஹக்வோன் தலைவரை ‘வொன்ஜாங்னிம்’ என்று அழைக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்த முதற்பார்வையில் ஏமாற்றம் தெரிந்தது. புகைப்படத்தில் வெளிச்சம் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். “பெற்றோர் வரும் நேரத்தில் வரவேற்பறையில் நிற்க வேண்டாம்” என்பதுதான் எனக்குக் கிடைத்த ஒரே ஆசிரியப் பயிற்சி.

வரவேற்பறைச் சுவரில் இன்னோர் ஆசிரியனின் ஆளுயரப் படம். பொன்முடி, நீலக்கண். அதன் கீழே ‘உண்மையான தாய்மொழியாளர்’ என்று கொரிய எழுத்தில் பெரிதாக. பிரிட்டோரியாக்காரன். நல்லவன். இரவில் வீட்டுக்குத் தொலைபேசும்போது எனக்கு ஒரு சொல் விளங்காது. அவன் தாய்மொழி ஆப்பிரிக்கான்ஸ். ஆங்கிலத்தை அவன் படித்தது பாடசாலையில். நானும் பாடசாலையில். ஆக அந்த ஹக்வோனின் இரண்டு தாய்மொழியாளரில் ஒருவனின் தாய் ஆப்பிரிக்கான்ஸ் பேசினாள், மற்றவனின் தாய் தமிழ் பேசினாள். ஒருவன் சுவரில் தொங்கினான். மற்றவன் பின்கதவால் வந்துபோனான்.

ஒரு தாய் என்னைப் பார்த்துவிட்டு வொன்ஜாங்னிமிடம் எந்த நாடு என்று கேட்டாராம். கனடா என்றாராம் இவர். “அது தெரியும். உண்மையில் எந்த நாடு?” இந்த ‘உண்மையில்’ இருக்கிறதே, அது உலகத்தின் எந்த மொழியில் கேட்டாலும் ஒரே உச்சரிப்பு.

இனி ஸ்டிக்கர். வகுப்பறைக் கதவில் ‘ஆங்கிலம் மட்டும்’ என்று ஒரு பலகை. 1956-இல் ஒரு மொழியை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தீவிலிருந்து தப்பி வந்த குடும்பம் எங்களுடையது. ‘மட்டும்’ என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு அடிவயிறு கலங்கும். ஆனால் சம்பளம் அந்தப் பலகையின் கீழேதான் வந்தது. பிள்ளைக்கு ஓர் அட்டை, அட்டையில் ஸ்டிக்கர்கள். கொரியச் சொல் ஒன்று வாயில் வந்தால் ஒரு ஸ்டிக்கர் போகும். மாதக் கடைசியில் ஸ்டிக்கர் குறைந்த பிள்ளைக்குப் பரிசு இல்லை, வீட்டுக்குக் கடிதம் உண்டு. பெயரும் கொரியப் பெயராக இருக்கக் கூடாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெயரையும் கழற்றிவிட வேண்டும். என் வகுப்பில் மூன்று கெவின்கள் இருந்தார்கள். மூவரின் சொந்தப் பெயரும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அனுமதியில்லை.

ஒரு மாலை கெவின்களில் சின்னவன் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி நின்றான். வெளியே ஓர் ஆள், கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு. அலுவலகத்திலிருந்து வெளிச்சத்தோடு வந்து மகனைப் பார்ப்பது அந்த மனிதருக்கு வருடத்தில் எத்தனை நாளோ. பையன் கத்தினான்.

“அப்பா!”

நானும் திரும்பிப் பார்த்தேன். கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான். ஒலி பிசகவில்லை. தமிழும் கொரியமும் ஒரே குடும்பம் என்று கிளம்புகிற கூட்டத்தில் நான் இல்லை. தற்செயலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தற்செயல் என் நெஞ்சில் வந்து இடித்தது. வொன்ஜாங்னிம் அட்டையை எடுத்தார். நகத்தால் நுனியைக் கிளப்பி, கிழியாமல், மிகக் கவனமாக ஒரு ஸ்டிக்கரை உரித்தார்.

“அப்பாவைத்தானே கூப்பிட்டான்?” என்றேன்.

“டாடி என்று கூப்பிட்டிருக்கலாமே” என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா கையசைத்துக்கொண்டிருந்தார். அந்த அபராதத்துக்கு மாதாமாதம் கட்டணம் கட்டுபவர் அவர்.

சப்பானிய ஆட்சி 1930களின் பிற்பகுதியில் கொரியப் பாடசாலைகளிலிருந்து கொரிய மொழியை விரட்டியது. வாய் தவறிப் பேசிய மாணவரைத் தண்டித்தது. 1940-இல் பெயர்களையும் சப்பானியப் பெயர்களாக மாற்றச் சொல்லி நெருக்கியது. அந்த அவமானத்தைக் கொரியர் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. அதற்கு அருங்காட்சியகங்கள் உண்டு, பாடநூலில் பக்கங்கள் உண்டு. பகலில் பாடசாலையில் அந்தப் பக்கத்தைப் படித்துக் கண்கலங்கிய பிள்ளை, மாலையில் மஞ்சள் வாகனத்தில் ஏறி எங்களிடம் வந்து பெயரைக் கழற்றிவைத்தது. வேறுபாடு ஒன்றுதான். சப்பான்காரன் இதற்கென்று தனிக் கட்டணம் வாங்கவில்லை.

அக்டோபர் 9 கொரிய எழுத்து நாள். சீன எழுத்து படிக்க வழியில்லாத சாதாரண சனத்துக்காகச் செஜோங் மன்னர் ஹங்குல் எழுத்தை 1446-இல் அறிவித்த நினைவு. 1991 முதல் அதை அரசு விடுமுறைப் பட்டியலிலிருந்து தூக்கியிருந்தார்கள், வேலைநாள் வீணாகிறதாம். 2013-இல் திருப்பிக் கொடுத்தார்கள். விடுமுறை வந்த முதல் வருடமே எங்கள் ஹக்வோன் அதைச் சிறப்பாகக் கொண்டாடியது. ‘செஜோங் மன்னரின் பெருமை’ என்ற தலைப்பில் பேச்சுப்போட்டி. ஆங்கிலத்தில். மன்னரின் பெயரை ஆங்கில ஒலியில் சொல்லாத பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்கச் சொன்னார்கள். நான் குறைத்தேன். எனக்கும் வாடகையில்லா வீடு வேண்டியிருந்தது.

இதையெல்லாம் ஒரு பேராசைக்கார முதலாளியின் கிறுக்கு என்று தள்ளிவிடலாம். அரசாங்கம் இதைவிட நிதானமானது என்று நம்பினால்.

2008 ஜனவரி. லீ மியுங் பாக் அதிபராகப் பதவியேற்கக் காத்திருந்த நேரம். அவருடைய ஆட்சிமாற்றக் குழுத் தலைவி, ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவியும்கூட, நாட்டின் ஆங்கிலப் பிணிக்கு மூலகாரணம் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் அவர் ‘ஒரென்ஜி’ கேட்டாராம், யாருக்கும் புரியவில்லையாம். ‘ஒரின்ஜி’ என்றதும் புரிந்துவிட்டதாம். ஆகவே பிறமொழிச் சொற்களை எழுதும் விதியையே மாற்ற வேண்டும் என்றார். ஒரு நாடு கேலி செய்து சிரித்தது. ஆங்கிலம் அல்லாத பாடங்களையும் ஆங்கிலத்திலேயே நடத்தும் திட்டம் ஒன்றும் அதே குழுவின் பையில் இருந்தது. எதிர்ப்பைக் கண்டு அதைக் கைவிட்டார்கள். ஆரஞ்சுப் பழம் தப்பியது. கொரியத்தில் இன்றும் அது ஒரென்ஜிதான்.

வாய் சரியில்லை என்று முடிவாகிவிட்டால் வாயை வெட்டுவதுதானே அடுத்த படி. ஆங்கிலத்தின் ‘ர’வும் ‘ல’வும் பிரித்து வராது என்று, நாக்கின் அடிச்சவ்வை வெட்டப் பிள்ளைகளை வைத்தியரிடம் கொண்டுபோன பெற்றோர் இருந்தார்கள். கட்டுக்கதை அல்ல. கொரிய மனித உரிமை ஆணையம் 2003-இல் எடுத்த குறும்படத் தொகுப்பில் இதற்கென்றே ஒரு படம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் பிறக்கும் கொரியப் பிள்ளை வெட்டாத நாக்கோடுதான் ‘ர’ சொல்கிறது. அதைச் சொல்ல வைத்தியருக்கு நேரமில்லை. வரிசையில் அடுத்த பிள்ளை.

பாஜு நகரின் ஆங்கிலக் கிராமம் தனிக் காவியம். 2006-இல் மாகாண அரசு திறந்தது. சனத்தின் வரிப்பணம். வாசலில் ஸ்டோன்ஹெஞ்சின் நகல். உள்ளே ஐரோப்பியத் தெரு, மணிக்கூண்டு, டிராம் வண்டி. பிள்ளைகள் நுழையும்போது பொய்க் குடிவரவு மேசையில் ஆங்கிலத்தில் பதில் சொல்லி முத்திரை வாங்க வேண்டும். ஏதோ வெளிநாட்டுக்குள் போகிறார்களாம். இந்தக் கிராமம் எங்கே இருக்கிறது தெரியுமா? வட கொரிய எல்லைக்குப் பக்கத்தில். கூப்பிடு தூரத்தில் அதே மொழி பேசும் அதே சனம், பிரிந்துபோன சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். அங்கே போக முத்திரை இல்லை. கம்பிவேலி உண்டு, கண்ணிவெடி உண்டு. பிளாஸ்டர் பூசிய இங்கிலாந்துக்குப் போக மட்டும் முத்திரை. கிராமம் நட்டத்தில் ஓடியது, கைமாறியது, கடைசியில் பெயரும் மாறியது. கற்கள் பேசாமல் நின்றன. நிலவியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் திட்டத்தில் நேர்மையாக நடந்துகொண்டவை அவைதாம்.

இத்தனை கூத்தும் எதற்கு? பிள்ளை பேசவா? நவம்பரில் வரும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு, சுனுங், அதற்குப் பதில் சொல்கிறது. ஆங்கிலத்தில் 45 வினா. 17 கேட்டு விடையளிப்பது, மீதி வாசித்து விடையளிப்பது. பேச்சு? இல்லை. ஒரு சொல் பேச வேண்டியதில்லை. பிறவி ஊமையும் முழு மதிப்பெண் வாங்கலாம். பேச்சையும் எழுத்தையும் சேர்த்துப் புதுத் தேர்வு ஒன்றை அரசு பல வருடம் செலவழித்து உருவாக்கியது. நடத்திப் பார்த்தது. மூடிவைத்தது. பேசச் சொல்லித்தரும் தாய்மொழியாளரை விமானச் சீட்டுக் கொடுத்து இறக்குமதி செய்வார்கள். பேச்சை மட்டும் தேர்வில் சேர்க்க மாட்டார்கள்.

சேர்க்காத தேர்வும் சும்மா இல்லை. 2025 நவம்பரில் ஆங்கிலத் தாள் எவ்வளவு கடினம் என்றால், முதல் நிலை பெற்றவர் 3.11 சதவீதம். பெற்றோர் கொந்தளித்தார்கள். தேர்வு அமைப்பின் தலைவர் பதவி விலகினார். ஹக்வோன் தலைவர் எவரும் பதவி விலகியதாகச் செய்தி இல்லை. தாள் கடினம் என்றால் அடுத்த வருடம் இன்னும் இரண்டு வகுப்பு. தாள் எளிது என்றால் போட்டி கூடும், அதற்கும் இரண்டு வகுப்பு. மழை பெய்தாலும் குடை, வெயில் அடித்தாலும் குடை.

கணக்கைப் பாருங்கள். 2024-இல் பாடசாலை மாணவரின் தனிப்பயிற்சிக்குக் கொரியக் குடும்பங்கள் கொட்டியது 29.2 லட்சம் கோடி வோன். அந்த வருடம் மாணவர் தொகை முந்தைய வருடத்தைவிட ஏறத்தாழ 80,000 குறைந்திருந்தது. பிள்ளை குறைந்தது, செலவு ஏறியது. அந்த வருடம் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.75 பிள்ளை என்ற இடத்தில் நின்றது நாடு. ஏன் பெற்றுக்கொள்ள மறுக்கிறார்கள் என்று ஆராய அரசு குழு அமைக்கிறது. குழு உறுப்பினர் கூட்டத்தை முடித்துக்கொண்டு பிள்ளையை ஹக்வோனிலிருந்து கூட்டிவர ஓடுகிறார்.

‘ஆங்கிலப் பாலர் பள்ளி’ என்று பெயர் பெற்ற மழலை ஹக்வோன்களின் மாதச் சராசரிச் செலவு 15 லட்சம் வோனுக்கு மேல் என்று அரசே கணக்கெடுத்துச் சொன்னது. வருடக் கணக்கில் அது பல்கலைக்கழகக் கட்டணத்தின் இரண்டு மடங்கைத் தாண்டும். அங்கே இடம் பிடிக்க நான்கு வயதில் நுழைவுத் தேர்வு. ‘நான்கு வயதுத் தேர்வு’ என்றே சோலில் அதற்குப் பெயர். அதற்குப் படிக்கத் தனிப்பயிற்சி. இடுப்பில் அணையாடையின் தழும்பு மாறாத பிள்ளைக்கு.

வசதி இருந்தால் தாயையும் பிள்ளையையும் ஆங்கில நாட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். தனியே இருந்து உழைத்துப் பணம் அனுப்பும் தகப்பனுக்குக் ‘கிரொகி அப்பா’ என்று பெயர். காட்டு வாத்து அப்பா. பணக்காரன் நினைத்த நேரம் பறந்து போய்ப் பார்ப்பான். அவன் கழுகு அப்பா. சீட்டுக்கே காசில்லாதவன் பென்குயின் அப்பா. சிறகு உண்டு, பறக்காது. நகைச்சுவைக்கென்று ஆள் வைக்கத் தேவையில்லாத தேசம். துயரத்துக்கே தரம் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். கொரியச் சட்டப்படி ஒரு வருடம் முடித்த தொழிலாளிக்கு, போகும்போது ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். நல்ல சட்டம். அதனால்தான் பல ஹக்வோன்களில் பதினோராவது மாதம் ஆசிரியனின் குறைகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன. பிரிட்டோரியாக்காரனுக்கு ஜூலையில் தெரிந்தது. ‘வகுப்பில் உற்சாகம் போதாது.’ நீலக்கண்ணுக்கும் பதினோராவது மாதம் உண்டு. அவன் போய் நான்கு மாதமாகியும் சுவரில் சிரித்துக்கொண்டே இருந்தான். படத்துக்குப் பணிக்கொடை கொடுக்கத் தேவையில்லை.

எனக்கு நவம்பர் முதலாம் தேதி. “பெற்றோருக்கு உங்கள் உச்சரிப்புப் பிடிக்கவில்லை.” பத்து மாதம் செவிடாக இருந்த பெற்றோருக்குப் பதினோராவது மாதம் காது திறந்திருக்கிறது. விசா முதலாளியோடு கட்டப்பட்டது. அவர் விடுவிப்புக் கடிதம் தராவிட்டால் வேறிடத்தில் வேலை இல்லை. அவர் தரவில்லை. ஒரு வாரத்தில் பெட்டி கட்டினேன். தாய்மொழியாளன் பட்டம் காலாவதியாயிற்று.

2013 நவம்பர் 7, வியாழன். இஞ்சோன் விமான நிலையம். விமானத்தில் ஏறி உட்கார்ந்து பட்டி கட்டியாகிவிட்டது. விமானம் நகரவில்லை. விமானி முதலில் கொரியத்தில் சொன்னார், பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். இன்று சுனுங் தேர்வு. ஆங்கிலம் கேட்டு விடையளிக்கும் பகுதி நடக்கிறது. பிள்ளைகளின் காதில் விமான இரைச்சல் விழக் கூடாது. நாடு முழுக்க எந்த விமானமும் எழக் கூடாது, இறங்கக் கூடாது.

முறைப்பாடு செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. வெளியே ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் வானமே வாயை மூடிக்கொண்டது. ஸ்காபரோவின் கடைசி வாங்கில் இருந்த மாதிரியே நானும் இருந்தேன்.

முன்னிருக்கையில் ஒரு குழந்தை எழுந்து நின்று “அப்பா” என்றது.

தாய் அதன் வாயில் விரலை வைத்தாள்.